வன்பொருள் தகவல் இடைமுகம்

வன்பொருள் தகவல் இடைமுகம் என்பது, கணினியில் உள்ள வன்பொருள்களைப் பற்றி இயக்குதளத்தின் கருனி அறிந்து வைத்திருக்கும் விவரங்களைப் பிற நிரல்கள் பெறுவதற்கென அமைக்கப்பட்ட வழியாகும். நுண்செயலியின் வகை, நினைவகத்தின் அளவு, இணைக்கப்பட்டுள்ள வட்டுகள், மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்னேற்றம், வெப்பநிலை முதலியன இவ்வாறு பெறப்படும் விவரங்களுட் சில. லினக்ஸ் கருனியில் /புராக், /சிஸ் ஆகிய அடைவுகளும், பி.எஸ்.டி. வகை இயக்குதளங்களில் சிஸ்கண்ட்ரோல் எனப்படும் அழைப்பும், விண்டோசில் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேடும் இத்தகைய இடைமுகங்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

கருனி வடிவமைப்பில் இது ஒரு சிறு பகுதியாகவே தோன்றும். ஆயினும் வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் விவாதித்த மூன்று வினாக்கள் இதில் அடங்கியுள்ளன. வன்பொருளைப் பற்றிய அறிவு எங்கே வைக்கப்பட வேண்டும்? அது எந்த வடிவில் வெளியிடப்பட வேண்டும்? யாருக்கு வெளியிடப்படலாம்? ஒருமுறை வெளியிடப்பட்ட தகவலை நம்பி நிரல்கள் எழுதப்பட்டுவிடுவதால், பின்னர் அதன் வடிவத்தை மாற்றுவது கடினம். அதே தகவல் பிற்காலத்தில் தாக்குதலுக்குப் பயன்படும் எனத் தெரியவந்தால் அதை வெளியிட்டுக்கொண்டிருப்பதும் கடினம். இக்கட்டுரை இவ்வினாக்களைப் பெரும்பாலும் லினக்ஸ் கருனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

கருனியின் இடம்

கருனி என்பது இயக்குதளத்தின் மையப் பகுதி. கணினி துவங்கியதும் நினைவகத்தில் ஏற்றப்பட்டு, கணினி நிறுத்தப்படும் வரை அங்கேயே தங்கியிருக்கும். நுண்செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிடுவதும், சாதனங்களை இயக்குவதும் இதன் முதன்மைப் பணிகள்.

தற்கால நுண்செயலிகள் குறைந்தது இரண்டு நிலைகளில் இயங்குகின்றன. கருனி நிலையில் எல்லாக் கட்டளைகளையும் நிறைவேற்றலாம். பயனர் நிலையில் வன்பொருளை நேரடியாக அணுகும் கட்டளைகள் தடுக்கப்பட்டுள்ளன. உலாவி, சொற்செயலி போன்ற சாதாரண நிரல்கள் யாவும் பயனர் நிலையிலேயே இயங்குகின்றன. ஒரு நிரலில் உள்ள பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடாமல் காப்பது இப்பிரிவினையே. இதன் விளைவாக, வட்டின் கொள்ளளவு எவ்வளவு என்பது போன்ற எளிய வினாவுக்கும் நிரல் கருனியையே கேட்க வேண்டியுள்ளது.

சில விலக்குகளும் உண்டு. எக்ஸ்86 நுண்செயலிகளில் உள்ள சிபியுஐடி என்னும் கட்டளையைப் பயனர் நிலையிலேயே நிறைவேற்றலாம். நுண்செயலியின் தயாரிப்பாளர், வகை, அது அறிந்த கூடுதல் கட்டளைகள் ஆகியவற்றை இக்கட்டளை விடையாகத் தரும்.

வன்பொருளைக் கருனி அறியும் வழிகள்

பிறருக்குச் சொல்வதற்கு முன்னர்க் கருனி தானே வன்பொருளை அறிந்துகொள்ள வேண்டும். இதற்கான வழிகள் வன்பொருளைப் பொறுத்து வேறுபடுகின்றன.

தன்னை அறிவிக்கும் பாட்டைகள்

1992 இல் வெளிவந்த பிசிஐ பாட்டையில் இணைக்கப்படும் ஒவ்வொரு சாதனமும் 256 பைட்டு அளவுள்ள ஓர் அமைவடக்கப் பகுதியைக் கொண்டிருக்கும். அதன் தொடக்கத்தில் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் தலா 16 பிட்டுகளில் இருக்கும். இன்டெல் நிறுவனத்தின் தயாரிப்பாளர் எண் பதினாறடிமான முறையில் 8086 ஆகும். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற நுண்செயலியின் பெயரும் அதுவே. கருனி ஒவ்வோர் இடமாகப் படித்துப் பார்க்கும். சாதனம் இல்லாத இடத்தைப் படித்தால் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக வரும். அதைக் கொண்டு அவ்விடம் வெறுமையானது எனக் கருனி அறியும். ஒரு பாட்டையில் 32 சாதனங்களும், ஒவ்வொரு சாதனத்திலும் 8 செயற்கூறுகளும் இருக்கலாம்.

1996 இல் வெளிவந்த யூஎஸ்பி முறையிலும் இவ்வாறே. புதிதாகச் செருகப்பட்ட சாதனத்திடம் கருனி விவரிப்பிகளைக் கேட்டுப் பெறுகிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண், சாதனத்தின் வகை முதலியன அவற்றில் அடங்கும். இவ்வெண்களைக் கொண்டே பொருத்தமான சாதன இயக்கி தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஏசிபிஐ

மின்கலம், விசிறி, மூடியை மூடும்போது அழுந்தும் பொத்தான் போன்றவை எந்தப் பாட்டையிலும் தம்மை அறிவிப்பதில்லை. இவற்றைப் பற்றிய விவரங்களை நிலைபொருள் கருனிக்குத் தர வேண்டும். இதற்கென 1996 இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் சீர்தரத்தை வெளியிட்டன. 2013 முதல் இதனை யூஇஎஃப்ஐ மன்றம் பேணி வருகிறது.

ஏசிபிஐ அட்டவணைகளில் தரவுகள் மட்டுமன்றிச் சிறு நிரல்களும் உள்ளன. அவற்றை நிறைவேற்றுவதற்கான ஒரு மொழிமாற்றி கருனிக்குள்ளேயே இயங்குகிறது. அதாவது, கணினித் தயாரிப்பாளர் எழுதிய நிரலைக் கருனி நம்பி இயக்குகிறது. இந்நிரல்கள் பல விண்டோசில் மட்டுமே சோதிக்கப்பட்டவை. எந்த இயக்குதளம் இயங்குகிறது என அவை வினவும்போது வேறு விடை கூறினால், சோதிக்கப்படாத வழியில் சென்று தவறாக இயங்கக்கூடும். ஆகையால் லினக்ஸ் கருனி இவ்வினாவுக்கு விண்டோசின் பெயர்களுக்கு ஆம் என்றும், லினக்ஸ் என்னும் பெயருக்கு இல்லை என்றும் விடை அளிக்கிறது.

சாதன மரம்

கைப்பேசிகளிலும் சிறு கணினிகளிலும் பயன்படும் ஆர்ம் சில்லுகளில் பெரும்பாலான சாதனங்கள் சில்லுக்குள்ளேயே நிலையான முகவரிகளில் அமைந்துள்ளன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. தவறான முகவரியைப் படித்தால் கணினி நின்றுவிடவும் கூடும். தொடக்கத்தில் ஒவ்வொரு சுற்றுப்பலகைக்கும் தனியான சி மொழிக் கோப்பு ஒன்று லினக்ஸ் கருனியின் மூலநிரலில் சேர்க்கப்பட்டது. பலகைகள் பெருகப் பெருக இக்கோப்புகளும் பெருகின. 2011 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்நிலையைக் கடுமையாகக் குறை கூறினார்.

இதற்குத் தீர்வாகச் சாதன மரம் என்னும் முறை ஆர்ம் பகுதியிலும் பின்பற்றப்பட்டது. இம்முறை ஓப்பன் ஃபர்ம்வேர் என்னும் 1994 ஆம் ஆண்டுச் சீர்தரத்திலிருந்து வந்தது; சன் நிறுவனக் கணினிகளிலும் பவர்பிசி கணினிகளிலும் முன்னரே வழக்கில் இருந்தது. இதில் எந்த முகவரியில் எந்தச் சாதனம் உள்ளது, அதற்கு எந்தக் குறுக்கீட்டு எண் உரியது என்பன ஒரு தனி உரைக் கோப்பில் மர வடிவில் எழுதப்படுகின்றன. அக்கோப்பு சிறிய இருமக் கோப்பாகத் தொகுக்கப்பட்டு, துவக்கத்தின்போது கருனியிடம் கொடுக்கப்படும். இதனால் வன்பொருளைப் பற்றிய அறிவு கருனியின் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தரவாக மாறியது. ஒரே கருனி பல பலகைகளில் இயங்குவது இயல்வதாயிற்று.

கருனி வகைகளும் தகவலின் இருப்பிடமும்

சாதன இயக்கிகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கருனிகள் வகைப்படுத்தப்படுகின்றன.

ஒற்றைக் கருனியில் சாதன இயக்கிகள், கோப்பு முறைமைகள், வலையமைப்பு ஆகியன யாவும் கருனி நிலையிலேயே இயங்கும். லினக்சும் பி.எஸ்.டி. வகைகளும் இதற்கு எடுத்துக்காட்டுகள். வன்பொருளைப் பற்றிய முழு அறிவும் ஒரே இடத்தில் இருப்பதால் அதை வெளியிடுவது எளிது. ஆனால் ஓர் இயக்கியில் உள்ள பிழை கருனி முழுவதையும் வீழ்த்தலாம்.

நுண்கருனியில் நினைவகம், நேரப் பங்கீடு, நிரல்களுக்கிடையேயான செய்திப் பரிமாற்றம் போன்ற மிகச் சில பணிகளே கருனி நிலையில் நடைபெறும். சாதன இயக்கிகள் தனித்தனி நிரல்களாகப் பயனர் நிலையில் இயங்கும். மினிக்ஸ் 3, கியூஎன்எக்ஸ், எஸ்இஎல்4 ஆகியன இவ்வகையின. மினிக்ஸ் 3 இல் பிசிஐ பாட்டையை ஆராய்வதும் ஒரு தனி நிரலின் வேலை. மற்ற இயக்கிகள் அந்நிரலுக்குச் செய்தி அனுப்பித் தமக்குரிய சாதனத்தைக் கேட்டறிகின்றன. இங்கு வன்பொருள் அறிவு கருனிக்கு வெளியே உள்ளது.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்பது பற்றி 1992 சனவரியில் மினிக்சை உருவாக்கிய ஆண்ட்ரூ டானென்பாமுக்கும் லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்சுக்கும் இடையே மினிக்ஸ் செய்திக்குழுவில் நடைபெற்ற விவாதம் புகழ்பெற்றது. நடைமுறையில் இவ்வெல்லை இன்று சற்று மங்கியுள்ளது. ஆப்பிளின் எக்ஸ்என்யு கருனி, மேக் நுண்கருனியையும் பி.எஸ்.டி. பகுதிகளையும் இணைத்து உருவானது. 2019 முதல் அந்நிறுவனம் பல சாதன இயக்கிகளைப் பயனர் நிலைக்கு நகர்த்தி வருகிறது.

லினக்சில் தகவல் இடைமுகங்கள்

யுனிக்ஸ் மரபில் சாதனங்களும் கோப்புகளாகவே காட்சியளிக்கின்றன. தனியான அழைப்புகளைக் கற்காமல், கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல் ஆகிய பழகிய வினைகளாலேயே அவற்றைக் கையாள முடிகிறது. தகவல் இடைமுகங்களும் இம்மரபையே பின்பற்றின.

/புராக் அடைவு

இயங்கும் நிரல்களைக் கோப்புகளாகக் காட்டும் எண்ணத்தை 1984 இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கில்லியன் முன்வைத்தார். யுனிக்சின் எட்டாம் பதிப்பில் இது இடம்பெற்றது. பின்னர் பிளான் 9 இயக்குதளத்தில் மேலும் விரிவாக்கப்பட்டது. லினக்சில் 1992 இல் /புராக் சேர்க்கப்பட்டது.

இவ்வடைவில் உள்ள கோப்புகள் வட்டில் இல்லை. ஒரு கோப்பைப் படிக்க முயலும் கணத்தில் கருனி அதற்குரிய உரையை ஆக்கித் தருகிறது. /புராக்/சிபியுஇன்ஃபோ நுண்செயலியின் விவரங்களையும், /புராக்/மெம்இன்ஃபோ நினைவகத்தின் விவரங்களையும் தரும். ஆயினும் தொடக்கத்தில் கட்டுப்பாடான விதிகள் இல்லாமையால், இயக்கி எழுதியோர் தத்தம் விருப்பப்படி இங்குக் கோப்புகளைச் சேர்த்தனர். ஒன்று அட்டவணையாகவும் ஒன்று வாக்கியமாகவும் அமைந்தது. சிபியுஇன்ஃபோ கோப்பின் வடிவம் நுண்செயலிக் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகிறது. எக்ஸ்86 கணினியில் அதைச் சரியாகப் படிக்கும் நிரல், ஆர்ம் கணினியில் தடுமாறலாம்.

/சிஸ் அடைவு

2003 திசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இடம்பெற்றது. இதனைப் பேட்ரிக் மோச்சல் உருவாக்கினார். கருனி தனக்குள் வைத்திருக்கும் சாதனங்களின் மரத்தை அப்படியே அடைவுகளாக இது காட்டுகிறது. ஒரு கோப்பில் ஒரு மதிப்பு மட்டுமே இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. மின்கலத்தின் மின்னேற்ற விழுக்காட்டைத் தரும் கோப்பில் 73 என்பது போன்ற ஓர் எண் மட்டுமே இருக்கும். உரையைப் பகுத்தறியும் தேவை நிரலுக்கு இல்லை. முன்பு /புராக் அடைவில் இருந்த மின்கல விவரங்கள் பின்னர் இங்கு மாற்றப்பட்டன.

சாதனக் கோப்புகளும் யுடெவும்

/டெவ் அடைவில் உள்ள சாதனக் கோப்புகள் பெரும எண், சிறும எண் ஆகிய இரு எண்களால் கருனிக்கு அடையாளம் காட்டப்படுகின்றன. முன்னர் இவை தலா 8 பிட்டுகளாக இருந்தன. 2.6 பதிப்பில் பெரும எண் 12 பிட்டுகளாகவும் சிறும எண் 20 பிட்டுகளாகவும் விரிவாக்கப்பட்டன.

தொடக்கத்தில் இருக்கக்கூடிய சாதனங்கள் யாவற்றுக்கும் முன்கூட்டியே கோப்புகள் ஆக்கி வைக்கப்பட்டன. உண்மையில் உள்ள சாதனங்களுக்கு மட்டும் கருனியே கோப்புகளை ஆக்கும் டெவ்எஃப்எஸ் என்னும் முறையை ரிச்சர்டு கூச் உருவாக்கினார். அது 2000 இல் கருனியில் சேர்க்கப்பட்டது. சாதனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் அது கருனிக்குள்ளேயே முடிவு செய்தது. சாதனம் இருக்கிறது என்று அறிவிப்பது கருனியின் வேலை. அதற்குப் பெயரிடுவது பயனரின் கொள்கை என்பது எதிர்த்தோரின் வாதம். 2003 இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முதலியோர் உருவாக்கிய யுடெவ் இவ்வாதத்தின்படி அமைந்தது. கருனி ஒரு நிகழ்வை அறிவிக்கும். பயனர் நிலையில் இயங்கும் யுடெவ், /சிஸ் அடைவைப் படித்து விதிகளின்படி பெயரிடும். டெவ்எஃப்எஸ் 2006 இல் கருனியிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் 2009 இல் டெவ்டெம்ப்எஃப்எஸ் என்னும் எளிய முறை வாயிலாகக் கோப்பை ஆக்கும் பணி மட்டும் மீண்டும் கருனிக்கு வந்தது. துவக்கத்தை விரைவுபடுத்துவதே இதன் நோக்கம்.

பெயரிடுதல் சிறு செய்தி அன்று. இரண்டு வலையமைப்பு அட்டைகள் உள்ள வழங்கியில், கண்டறியப்பட்ட வரிசைப்படி எண்ணிட்டால், மறுதுவக்கத்தின்போது அவற்றின் பெயர்கள் இடம் மாறக்கூடும். உள் வலையமைப்புக்கு எழுதப்பட்ட தீச்சுவர் விதி அப்போது வெளி இணையத்தை நோக்கிய அட்டைக்குப் பொருந்திவிடும். இதைத் தவிர்க்கவே 2013 முதல் சிஸ்டம்டி, அட்டை செருகப்பட்டுள்ள இடத்தைக் கொண்டு மாறாப் பெயர் இடும் முறையைக் கையாள்கிறது.

நிலைத்தன்மை

பயனர் நிலையில் முன்பு இயங்கிய நிரலைக் கருனியின் புதிய பதிப்பு முறிக்கக் கூடாது என்பது லினக்ஸ் வளர்ச்சியில் வலியுறுத்தப்படும் விதி. முறைமை அழைப்புகளுக்கு மட்டுமன்றித் தகவல் இடைமுகங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

போகோமிப்ஸ் என்னும் மதிப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. துவக்கத்தின்போது ஒரு வெற்றுச் சுழற்சியை நுண்செயலி எவ்வளவு விரைவாக நிறைவேற்றுகிறது எனக் கருனி அளக்கிறது. குறுகிய காலத் தாமதங்களை உண்டாக்க மட்டுமே அது பயன்பட்டது. நுண்செயலியின் திறனை அளக்க இது ஏற்றதன்று என்பது போலி எனப் பொருள்படும் அதன் பெயரிலேயே தெரியும். ஆர்ம் கணினிகளில் தாமதங்களுக்குத் தனிக் கடிகாரச் சுற்றைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இம்மதிப்பு பொருளற்றதாயிற்று. ஆகவே 2013 இல் ஆர்ம் பகுதியின் சிபியுஇன்ஃபோ கோப்பிலிருந்து அவ்வரி நீக்கப்பட்டது. அவ்வரியை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த நிரல்கள் இதனால் செயலிழந்தன. 2015 சனவரியில் அவ்வரி மீண்டும் சேர்க்கப்பட்டது. பொருளற்ற எண்ணாயினும், வெளியிடப்பட்டபின் அது ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது.

வட்டின் அளவைத் தரும் /சிஸ் கோப்பும் இத்தகையதே. அது அளவை 512 பைட்டுக் கூறுகளில் தருகிறது. இன்றைய வட்டுகள் பலவற்றின் கூறு 4096 பைட்டுகளாக இருப்பினும் அவ்வலகு மாற்றப்படவில்லை.

பாதுகாப்பு

தகவலை எல்லோருக்கும் வெளியிடுவதன் ஆபத்து பிற்காலத்திலேயே நன்கு உணரப்பட்டது.

கருனியின் உட்செயற்பாடுகளின் நினைவக முகவரிகள் /புராக்/கால்சிம்ஸ் கோப்பில் உள்ளன. பிழை திருத்துவோருக்கு இது இன்றியமையாதது. ஆனால் அதே முகவரிகள் தாக்குவோருக்கும் வழிகாட்டும். 2011 முதல் இம்முகவரிகளைச் சாதாரணப் பயனருக்குச் சுழியங்களாகக் காட்டும் வசதி உள்ளது. நினைவகச் சில்லுகளின் குறையைப் பயன்படுத்தும் ரோஹாம்மர் தாக்குதல் 2015 இல் வலுப்பெற்றபோது, மெய்நிகர் முகவரிக்கும் உண்மை முகவரிக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பேஜ்மேப் கோப்பும் கட்டுப்படுத்தப்பட்டது.

தீங்கற்றதெனத் தோன்றும் அளவீடும் ஆபத்தாகலாம். இன்டெல் நுண்செயலிகள் செலவிடும் மின்னாற்றலைக் காட்டும் கோப்பு ஒன்று /சிஸ் அடைவில் எல்லோரும் படிக்கத்தக்கதாக இருந்தது. அதனை மீண்டும் மீண்டும் படித்து, கணினியில் நடைபெறும் மறையாக்கத்தின் திறவுகோல்களை வருவிக்கலாம் என 2020 நவம்பரில் பிளாட்டிபஸ் என்னும் பெயரில் வெளியான ஆய்வு காட்டியது. உடனே அக்கோப்பு மேலாண்மைப் பயனர் மட்டும் படிக்கத்தக்கதாக மாற்றப்பட்டது. சாதாரணப் பயனர் அனுமதியுடன் மின் செலவை அளந்துவந்த நிரல்கள் இதனால் முறிந்தன. நிலைத்தன்மையும் பாதுகாப்பும் முரண்படும்போது பாதுகாப்புக்கே முதலிடம் தரப்பட்டது.

இதற்கு மறுதலையான பயனும் உண்டு. 2018 சனவரியில் மெல்ட்டவுன், இசுபெக்டர் ஆகிய நுண்செயலிக் குறைபாடுகள் வெளியானபோது, கணினி எந்தக் குறைபாட்டுக்கு ஆளாகக்கூடியது, அதற்கு எதிரான காப்பு இயங்குகிறதா என்பவற்றைக் காட்டும் கோப்புகள் /சிஸ் அடைவில் சேர்க்கப்பட்டன. வன்பொருளின் திறனைச் சொல்லிவந்த இடைமுகம் அதன் குறையையும் சொல்லத் தொடங்கியது.

கொள்கலன்கள்

ஒரே கருனியின்மீது பல கொள்கலன்களை இயக்கும் முறை பரவியபோது மற்றொரு சிக்கல் தோன்றியது. கொள்கலனுக்கு 2 கிகாபைட்டு நினைவகம் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அதனுள் /புராக்/மெம்இன்ஃபோ கோப்பைப் படித்தால் கணினி முழுவதன் நினைவகமும் தெரியும். அவ்வெண்ணை நம்பி நினைவகத்தைக் கோரும் நிரல், வரம்பை மீறியதும் கருனியால் நிறுத்தப்படும். ஜாவா இயக்கச் சூழல் இதற்கு ஆளானது. 2018 இல் வெளிவந்த ஜாவா 10 முதல் அது கொள்கலனின் வரம்பைத் தனியாகப் படித்தறிகிறது. எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்னும் கருவி, வரம்புக்கேற்ப மாற்றப்பட்ட /புராக் கோப்புகளைக் கொள்கலனுக்குக் காட்டுகிறது. கருனி பொய் சொல்லவில்லை. உள்ள வன்பொருள் எவ்வளவு என்பதற்கே அது விடை தந்தது. நிரல் அறிய விரும்பியதோ தனக்குரிய பங்கு எவ்வளவு என்பதை.

பிற இயக்குதளங்கள்

விண்டோஸ் என்.டி. 1993 இல் வெளிவந்தது. அதன் கருனிக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே வன்பொருள் நுண்மமாக்க அடுக்கு ஒன்று உள்ளது. பதிவேட்டின் ஹார்டுவேர் என்னும் பகுதி ஒவ்வொரு துவக்கத்தின்போதும் புதிதாக ஆக்கப்படுகிறது, வட்டில் சேமிக்கப்படுவதில்லை. இவ்வகையில் அது /புராக் அடைவை ஒத்தது. நிரல்கள் பொதுவாக டபிள்யூஎம்ஐ என்னும் இடைமுகத்தின் வாயிலாக வன்பொருள் விவரங்களைப் பெறுகின்றன.

பி.எஸ்.டி. வகைகளில் சிஸ்கண்ட்ரோல் அழைப்பு, புள்ளியிட்டுப் பிரித்த பெயர்களைக் கொண்ட மரத்திலிருந்து மதிப்புகளைத் தருகிறது. மதிப்புகள் எண்ணாகவோ சரமாகவோ வகை குறிக்கப்பட்டு வருவதால் உரையைப் பகுக்கும் வேலை குறைகிறது. மேக் இயக்குதளத்தில் இவ்வழைப்புடன் ஐஓகிட் என்னும் சாதனப் பதிவேடும் உள்ளது.

இவற்றையும் பார்க்க

கருனி
நுண்கருனி
லினக்ஸ்
சாதன இயக்கி
கோப்பு முறைமை
நிலைபொருள்